நாணயப் போட்டிக்கு எதை வைப்பது?

எங்கள் ஊர் நாணயச் சங்கத்தின் ஆண்டுப் போட்டிக்கு இன்னும் 7 வாரம்தான் இருக்கிறது. போன ஞாயிறு கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி வந்து நின்றாள். கையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், கழுத்துவரை காசு. "எங்க தாத்தா மளிகைக் கடை வச்சிருந்தார் சார். அவர் சேர்த்து வச்சது. இதுல எதைப் போட்டிக்கு வைக்கலாம்?" என்று கேட்டாள். "நல்லா இருக்கிறதாப் பார்த்து வைம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது ஒரு பதிலே இல்லை என்று உறுத்தியது.

மேசை போடுவதிலிருந்து மதிப்பெண் தாளைக் கூட்டிப் போடுவதுவரை 10 வருடமாக இந்தப் போட்டியோடு கூடவே இருக்கிறேன். 3 முறை நானே வைத்திருக்கிறேன். முதல் முறை வைப்பவர்கள் வழக்கமாக நாலைந்து தலைப்புகளில்தான் வந்து நிற்பார்கள். அவற்றை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்து, எது யாருக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதி. ஒருவருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, 3 அடிக்கு 2 அடி. 100 மதிப்பெண்ணில் 40 தகவலுக்கு, 25 அடுக்கும் முறைக்கு, 20 தேடிச் சேர்த்த உழைப்புக்கு. மிச்சம் 15தான் காசின் நிலைக்கும் அருமைக்கும் சேர்த்து. இந்த 15ஐத்தான் எல்லோரும் 100 என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் இருப்பதிலேயே விலை கூடிய வெள்ளி ரூபாயை நடுவில் வைத்துவிட்டால் பரிசு வந்துவிடும் என்று நம்பி வருகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். நடுவர்கள் மேசைக்கு வந்து முதலில் கேட்பது, "இதை ஏன் இதற்குப் பக்கத்தில் வைத்தீர்கள்?" என்பதைத்தான். அதற்குப் பதில் இருக்கிற மேசைதான் கடைசிவரை நிற்கும்.

நினைவு நாணயங்கள்

எளிதில் கண்ணைக் கவர்வது இது. தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவற்றை மட்டும் எடுத்தாலே ஒரு பெட்டி நிறைந்துவிடும். தஞ்சாவூரில் 1995இல் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு வந்த 1, 2, 5 ரூபாய் நாணயங்கள், காமராசர் நூற்றாண்டு 5 ரூபாய், 2009இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், சி. சுப்பிரமணியம், எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். என்று வரிசை நீளும். அண்ணா நாணயத்தில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது. இந்தியக் குடியரசின் நாணயத்தில் ஒரு தமிழ்க் கையெழுத்தைப் பார்க்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் 5 ரூபாயும், நம் நாட்டில் முதன்முதலாக 1000 ரூபாய் மதிப்பில் ஒரு நாணயமும் வந்தன. அந்தப் பெரிய வெள்ளி நாணயம் பெட்டியில் இருந்தால் பள்ளிப் பிள்ளைகள் அந்த மேசையை விட்டு நகரமாட்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். இவற்றை நாணயச்சாலையே பெட்டி போட்டு, விவரம் அச்சடித்து விற்கிறது. பணம் கட்டினால் வீடு தேடி வரும். போன வருடம் 2 மேசைகளில் ஏறக்குறைய ஒரே நாணயங்கள், ஒரே வாசகங்கள், பெட்டிக்குள் இருந்த அதே துண்டுச் சீட்டைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். பார்வையாளர் வாக்கு இரண்டுக்கும் கொட்டியது. நடுவர்கள் இரண்டையும் இடைநிலையில்தான் வைத்தார்கள். உழைப்புக்கான 20இல் அவர்கள் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

இந்தத் தலைப்பைத்தான் எடுப்பேன் என்றால், புழக்கத்தில் கைக்கு வந்தவற்றை மட்டும் வைப்பேன் என்று ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்ளுங்கள். பஸ் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் வந்த அண்ணா, பெட்டிக் கடை மிச்சத்தில் வந்த திருவள்ளுவர். எந்த நாள், எந்தக் கடை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். தேய்ந்திருந்தாலும் அது உங்கள் மேசை.

ராஜராஜன் காசும் அதன் பிள்ளைகளும்

போன வருடம் முதல் பரிசு வாங்கிய மேசை இது. வைத்தவர் மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் மூத்த உறுப்பினர். அத்தனை பெரிய பெட்டியில் மொத்தம் 9 காசு. அத்தனையும் செம்பு. ஒன்றுகூடப் பளபளக்கவில்லை.

ராஜராஜன் காலத்துச் செப்புக் காசைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் நிற்கும் உருவம், அதற்கு ஒருபுறம் விளக்கு, இன்னொருபுறம் பிறையும் புள்ளிகளும். காசைத் திருப்பினால் உட்கார்ந்திருக்கும் உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் மூன்று வரியாக 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும். முதல் முறை பார்க்கிறவருக்கு வெறும் கோடும் புள்ளியுமாகத்தான் தெரியும். பழகிய பிறகுதான் வேட்டி மடிப்பு வேட்டி மடிப்பாகத் தெரியும். சோழர் 993 வாக்கில் இலங்கையின் வடபகுதியைப் பிடித்தபோது இந்த அமைப்பும் அங்கே போயிற்று. 1070இல் சிங்கள மன்னர் விஜயபாகு சோழரை அங்கிருந்து விரட்டிவிட்டார். ஆட்சி போனது, காசின் அச்சு போகவில்லை. பின்னால் அங்கே ஆண்ட பராக்கிரமபாகு அதே நிற்கும் உருவத்தையும் உட்கார்ந்த உருவத்தையும் வைத்துத் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். மூன்று முறை அரியணை ஏறி இறங்கிய ராணி லீலாவதியும் அதே அமைப்பில் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்று போட்டார். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் சேது காசில் ஒரு பக்கம் அதே நிற்கும் உருவம், இன்னொரு பக்கம் நந்தி, அதன் கீழே தமிழில் 'சேது'.

மூத்தவர் செய்தது இதுதான். 9 காசையும் இடமிருந்து வலமாகக் காலவரிசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கோட்டோவியம் ஒன்றைத் தம் கையாலேயே வரைந்திருந்தார். நிற்கும் உருவம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியாகிறது, எந்த இடத்தில் விளக்கு காணாமல் போகிறது என்று சிவப்பு மையில் ஒரு வட்டம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் காசைப் பார்ப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்து, "இது அதைப் பார்த்துப் போட்டது, இது இதைப் பார்த்துப் போட்டது" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போனான். நடுவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நாணயத்தைப் படிப்பது என்றால் என்ன என்பதை அந்தப் பையன் அரை நிமிடத்தில் கற்றுக்கொண்டான். அதைச் செய்த மேசைக்குப் பரிசு போனதில் ஆச்சரியமில்லை.

பார்த்தவுடன் நாமும் இதையே செய்யலாமே என்று தோன்றும். பொறுங்கள். ராஜராஜன் காசு தமிழ்நாட்டில் அபூர்வமில்லை, செம்பில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். அதனாலேயே போலியும் நிறைய. வார்த்து எடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு தெரியும், பரப்பில் குண்டூசி முனை அளவுக் குமிழ்கள் இருக்கும், எழுத்தின் ஓரம் சோப்பு தேய்ந்ததுபோல மழுங்கியிருக்கும். பத்து நல்ல காசைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்குத்தான் பதினோராவது போலி என்று பிடிபடும். அந்தப் பழக்கம் 7 வாரத்தில் வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "ஆற்று மணலில் கிடைச்சது" என்று பெருமையாகக் குறிப்பு எழுதிய ஒருவரை நடுவர்கள் தனியே கூப்பிட்டுப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். யாரிடம், எப்போது வாங்கினோம் என்ற ரசீது கையில் இருந்தால் மட்டும் பழங்காசை மேசைக்குக் கொண்டுவாருங்கள். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து வந்த சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் நம் வரலாற்றையே மாற்றி எழுதியிருக்கின்றன. எந்தக் குழியில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் அழிந்துபோனால் காசு இருந்தும் பாதி செய்தி போய்விடும்.

ஆகவே இந்தத் தலைப்பு ஐந்தாறு வருடம் சேர்த்தவர்களுக்கு. அவர்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

கடற்கரைக் கம்பெனிகள்

சோழமண்டலக் கரையில் வந்து கடை விரித்த ஐரோப்பியர்களின் காசுகளை ஒரே பெட்டியில் சேர்ப்பது. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் டச்சுக்காரர்கள், சென்னையில் ஆங்கிலேயர். நான்கு கொடி, நான்கு முத்திரை, ஆனால் எல்லோரும் நம் ஊர் மக்கள் கையில் புழங்கவேண்டிய சில்லறையைத்தான் அடித்தார்கள். தரங்கம்பாடிக் காசில் கிரீடத்துக்குக் கீழே டென்மார்க் அரசர் பெயரின் முதலெழுத்துகள் பின்னிக்கிடக்கும். மறுபக்கம் 4 காஸ், 10 காஸ் என்று மதிப்பு. அந்தக் 'காஸ்' நம்முடைய காசுதான். சென்னைக் கம்பெனி நாணயத்தின் 'கேஷ்' என்பதும் காசுதான். (கையிருப்புப் பணத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்கு வேர் வேறு. இரண்டையும் குழப்பிக் குறிப்பு எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் உண்டு.) புதுச்சேரிச் செப்புக்காசில் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசின் லில்லிப் பூ, திருப்பினால் தமிழ் எழுத்தில் 'புதுச்சேரி'. அதைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு ஓரமாக நின்று பாருங்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வாய்விட்டுப் படிப்பார்கள்.

ஆங்கிலேயர் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது 1803, 1808 ஆண்டுகளின் 10, 20 கேஷ் செப்புக்காசுகள். சென்னைக்காக பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தவை. அப்படி அடித்த காசை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்டினர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிவிட்டது. 1980களில் எடுத்தபோது 1808ஆம் ஆண்டுக் காசுகள் மூட்டை மூட்டையாக வந்தன. சென்னைக்கு வந்து சேராத சென்னைக் காசு. வந்து சேர்ந்து தேய்ந்த ஒன்றையும், கடலில் கிடந்து தேயாமல் கிடைத்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த இரண்டே ஒரு மேசைக்குப் போதும்.

இந்தத் தலைப்பில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நாலு நாட்டுக்கும் இடம் பிரிக்கப் போய், ஒவ்வொன்றும் மூன்று காசோடு நின்றுவிடும். மதிப்பு முறையும் தலைசுற்றும். சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். இதை விளக்காமல் விட்டால் மேசை புரியாது, விளக்கினால் பெட்டி முழுக்க எழுத்தாகிவிடும். ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடி மட்டும், அல்லது புதுச்சேரி மட்டும். அப்போது செலவும் கைக்குள் நிற்கும்.

விக்டோரியா வெள்ளி ரூபாயைப் பற்றியும் கேட்பார்கள். 1862 என்ற ஆண்டையே 1874 வரை போட்டுக்கொண்டு, புள்ளிகளை மாற்றி மாற்றி அடித்த அந்த ரூபாய்கள் பூதக்கண்ணாடி பிடிக்கிறவர்களுக்கு விருந்து. 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று கிளம்பிய எதிர்ப்பில், 1912இல் அச்சையே மாற்றிய கதையும் இருக்கிறது. ஆனால் வெள்ளி விற்கிற விலையில் முதல் முறை வைப்பவருக்கு இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நயா பைசா

அந்தப் பெண்ணின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மேலாக இருந்தவை பெரும்பாலும் இவைதான். யாரும் மதிக்காத காசு. நான் மிகவும் மதிக்கிற காசு.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி இந்த நாட்டில் கணக்கு மாறியது. அதற்கு முந்தைய நாள்வரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. மறுநாள் முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. பழைய பைசாவோடு குழம்பக் கூடாது என்றுதான் அந்த 'நயா'. பழகிய பிறகு, 1964 ஜூன் 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். புதிய காசில் மதிப்பை எண்ணாக மட்டும் போடாமல், ரூபாயில் நூறில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்கு என்று இந்தியில் எழுதியும் வைத்தார்கள். ஒரு நாட்டுக்கே பின்னம் சொல்லிக்கொடுத்த நாணயம் அது. இந்தி படிக்கத் தெரியாத நம் ஊர்க் கடைத்தெருவில் வடிவம்தான் பாடம் நடத்தியது. ஒன்று வட்டம், இரண்டு பூ மாதிரி நெளிவிளிம்பு, ஐந்து முனை மழுங்கிய சதுரம், பத்து மறுபடியும் நெளிவிளிம்பு, ஆனால் பெரியது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சில்லறை எண்ணலாம்.

கடைக்காரர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். ஓர் அணா என்பது கணக்குப்படி 6¼ நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? அரசு ஒரு மாற்று அட்டவணை கொடுத்தது. ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. இப்போது இரண்டணாச் சாமானை ஒருவர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வாங்கினால் 24 நயா பைசா. இரண்டையும் ஒன்றாக வாங்கினால் நாலணா, அதாவது 25. ஒரு பைசா எங்கே போயிற்று என்று எத்தனை கடை வாசலில் சண்டை நடந்திருக்கும்! பழைய காசும் புதிய காசும் சில வருடம் சேர்ந்தே புழங்கின. அந்த வருடங்களில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவரின் பாட்டில் அது.

நாலணா, எட்டணா என்ற பெயர்கள் அணா போன பிறகும் நம் வாயில் இருந்தன. 25 பைசாவை நாலணா என்றுதான் நானும் சொல்லி வளர்ந்தேன். 2011 ஜூன் 30ஓடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. ஒரு காசின் பிறப்பு, பெயர், பெயர் மாற்றம், சாவு எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கும் தலைப்பு இது ஒன்றுதான்.

சேகரிப்பவர் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலைக் குறியைப் பாருங்கள். கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது, பம்பாய்க்கு வைரம், ஹைதராபாத்துக்கு முதலில் பிளந்த வைரம், பின்னால் நட்சத்திரம். ஆண்டுகளை மேலிருந்து கீழாகவும் மூன்று நாணயச்சாலைகளைப் பக்கவாட்டிலும் போட்டுக் கட்டம் வரைந்தால், எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரே பார்வையில் தெரியும். இல்லாத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். நடுவர்கள் அதை மதிப்பார்கள். உலோகமும் கதை சொல்லும். ஒரு நயா பைசா 1957இல் வெண்கலத்தில் தொடங்கி, 1962இல் நிக்கல் பித்தளைக்கு மாறியது. அந்த ஒரே ஆண்டில் இரண்டு உலோகத்திலும் உண்டு. 1964இல் அறுகோண 3 பைசா அலுமினியத்தில் வந்தது. அப்புறம் ஒன்று, இரண்டு, ஐந்து எல்லாம் அலுமினியமாயின. காசு எடை குறைந்துகொண்டே போவதைத் தராசு இல்லாமல் கையிலேயே உணரலாம்.

குறை என்னவென்றால், தூரத்திலிருந்து பார்த்தால் மேசை சாதாரணமாக இருக்கும். வெள்ளி இல்லை, ராஜா ராணி இல்லை. பார்வையாளர் வாக்கு வராது என்று முன்பு நானும் நினைத்தேன். ஆனால் நான் வைத்த வருடம் 60 வயதைத் தாண்டியவர்கள் அந்த மேசையில் நின்று பேசிய பேச்சு வேறு எந்த மேசையிலும் நடக்கவில்லை. "இதைக் கொடுத்தா ரெண்டு கமர்கட்டு" என்று ஒரு அம்மா கண்ணாடியின் மேலேயே விரல் வைத்துப் பேத்திக்குக் காட்டினார். அதைக் குறிப்பாக எழுதி வைக்காமல் போனோமே என்று வருந்தினேன். இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் மேசையோரம் வையுங்கள். பெரியவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருடத் தகவல் அதில் இருக்கும்.

எதை யார் எடுப்பது

கையில் இருப்பது என்ன, எத்தனை வாரம் இருக்கிறது, நடுவர் கேட்டால் புத்தகம் பார்க்காமல் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்ற மூன்றையும் எடை போடுங்கள். என் தீர்ப்பு இது. முதல் முறை வைப்பவருக்கு நயா பைசா. செலவு மிகக் குறைவு, போலி அடிக்கிறவன் இதில் கை வைப்பதில்லை, சட்டச் சிக்கல் இல்லை, வீட்டுப் பெரியவர்களே தகவல் சுரங்கம். இரண்டாம் மூன்றாம் முறை வைப்பவருக்கு ஒரே ஊர்க் கடற்கரைக் காசு. ராஜராஜனுக்குக் காத்திருங்கள். நினைவு நாணயங்களைப் பள்ளி மாணவர் பிரிவுக்கு விடலாம், அங்கே அது அருமையாகப் பொருந்தும்.

புதுக்கோட்டை அம்மன் காசைச் சொல்லவில்லையே என்று எங்கள் சங்கத்தினர் கேட்பார்கள். நான் இந்த வருடம் வைக்கப்போவது அதைத்தான். ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. சுண்டுவிரல் நகத்தளவுச் செம்பு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்தது, ஓரணாவுக்கு 20 என்று கடைத்தெருவிலும் செல்லுபடியானது. பிரிட்டிஷ் ரூபாய் எங்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்திலும், 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் காலம்வரை தனக்கென்று ஒரு காசை வைத்திருந்த ஊர் அது. கையால் அடித்த குண்டுக் காசுக்கும் பின்னால் இயந்திரத்தில் அடித்த மெல்லிய காசுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் மேசை. ஆனால் ஒரே வகைக் காசை வைத்துப் பெட்டியை நிரப்ப 10 வருடம் அதோடு பழகியிருக்க வேண்டும். அதனால்தான் புதியவர்களுக்குச் சொல்லவில்லை.

எந்தத் தலைப்பானாலும் காசைக் கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். பழுப்பேறிய செம்பின் மேல்தோல் போனால் திரும்பாது. மென்மையான பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்தில் போட்டு வைக்காதீர்கள். நான் அப்படி ஒரு ஆல்பத்தில் 3 வருடம் வைத்திருந்த வெண்கல நயா பைசாக்கள் பச்சைப் பிசுபிசுப்போடு வெளியே வந்தன. 11 காசு. அதில் இரண்டு என் அப்பா கொடுத்தவை. காசை நடுவில் வைத்து மடித்து ஸ்டேப்ளர் அடிக்கிற அட்டை ஹோல்டரில் வையுங்கள், ஸ்டேப்ளர் பின்னின் முனையைத் தட்டையாக நசுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். இரண்டு பக்கமும் தெரிய ஒரே காசில் இரண்டு இருந்தால் ஒன்றைத் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் படம் எடுத்துப் பெரிதாக்கி ஒட்டினால் போதும். குறிப்பு ஒவ்வொன்றும் நாலு வரிக்குள், கைநீட்டித் தள்ளி வைத்தாலும் படிக்கிற அளவில் இருக்கட்டும்.

பாட்டிலுக்குள் 1818 என்று போட்டு, அனுமாரோ ராமர் பட்டாபிஷேகமோ இருக்கும் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' காசு ஏதாவது வந்தால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. திருவிழாக் கடைகளில் விற்பது அது. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று போனில் வரும் அழைப்புகளையும் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியே 2021இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

இதையெல்லாம் நேற்று இரவு அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன். பாட்டிலைப் பழைய செய்தித்தாளில் கொட்டி வைத்துக்கொண்டுதான் பேசினாள். ஒவ்வொன்றாக எடுத்து ஆண்டைப் படித்தாள், குறியைச் சொன்னாள், நான் கட்டத்தில் எழுதிக்கொண்டேன். 1957 நாலு இருக்கிறது. 2 நயா பைசாவில் மூன்று ஆண்டு இல்லை. 1962 வெண்கலம் இருக்கிறது, பித்தளை இல்லை. என்னிடம் பித்தளை இரண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒன்றை எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தாத்தாவின் கடைக் கணக்கு நோட்டு பரணில் இருக்கிறதாம். 1957 ஏப்ரல் பக்கம் கரையான் அரிக்காமல் இருக்கிறதா என்று அவள் ஏணி போட்டுப் பார்க்கப் போகிறாள்.